ராடில் ஏற்றிய இரண்டு சுற்று

1. இழுவை

பாகூர் ரோட்டில் நானும் என் மனைவியின் அண்ணன் குமரேசனும் சேர்ந்து டீசல் கார் ஒர்க்‌ஷாப் நடத்தினோம். டர்போ வேலை அவருடையது. சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார்.

டர்போ காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். அந்த பூஸ்ட் அளவு மீறாமல் இருக்க, வேஸ்ட்கேட் என்ற சின்னக் கதவு திறந்து, டர்போவைச் சுழற்றும் புகையில் கொஞ்சத்தை வேறு வழியாக வெளியே விடும். கதவைத் திறப்பது ஒரு ராடு. ராடின் நீளத்தைக் குறைத்தால் கதவு தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் ஏறும்.

கரும்பு போடும் நாகமுத்து ஒருநாள் பழைய ஜீப்போடு வந்தார்.

"இன்னாபா வண்டி இது, மேம்பாலம் ஏறவே மூச்சு வாங்குது?"

குமரேசன் ராடை இரண்டு சுற்று இறுக்கினார். ஓட்டிப் பார்த்தோம்.

"மச்சான், பூஸ்ட் கேஜ் முள்ளு செவப்ப தொடுது. கொஞ்சம் தளர்த்திடுங்க."

"தொடட்டும் மாப்ள. அவுரு மொகத்தப் பாரு, எப்டி சிரிக்கிறாரு!"

2. வில்லியனூர் வழியில்

மழைக்காலத்தில், நாகமுத்து பிரசவ வலி கண்ட தன் மகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகையில் அந்த ஜீப் நின்றது. பானட்டிலிருந்து வெள்ளையாக ஆவி. வழியில் வந்த ஒரு ஷேர் ஆட்டோக்காரர்தான் அவளை ஏற்றிப்போய்ச் சேர்த்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

நாகமுத்து கடைக்கு வந்து கத்தவில்லை. "அந்த ஆட்டோ மட்டும் வரலன்னா..." என்றார். அப்படியே திரும்பிப் போனார்.

இன்ஜினைப் பிரித்தேன். ஏறிய பூஸ்டின் அழுத்தத்தில், இன்ஜின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தது. ரேடியேட்டரும் பாதிக்குமேல் சேற்றால் அடைபட்டிருந்தது. உடனே குமரேசன் வீட்டுக்கு ஓடினேன்.

"மச்சான், ரேடியேட்டர் அடைப்பு. உங்க தப்பு மட்டும் இல்ல."

"கேஜ நீ பாத்த இல்ல?"

"பாத்தேன்."

"நான் பாக்கல, அவுரு மொகத்தத்தான் பாத்தேன். வுட்டுடு மாப்ள."

அதன்பிறகு அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

3. இப்போது

இழுவை இல்லை என்று வண்டி வந்தால் முதலில் ஏர் ஃபில்டர், ஹோஸ் லீக், ரேடியேட்டர் மூன்றையும் பாருங்கள். ராடைக் கடைசியில் தொடுங்கள், கேஜைப் பார்த்துக்கொண்டே தொடுங்கள். இளம் மெக்கானிக்குகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

எனக்குப் பிடிபடாத டர்போ சத்தம் இன்னும் வருகிறது. போனில் பதிவு செய்து மச்சானுக்கு அனுப்புவேன். கேட்டுவிட்டார் என்று நீலக் குறி விழும். பதில் வராது.