மருத்துவப் படிப்பு கிடைக்காத வருடம்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மே மாதத்தில், சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றபடி ஒரு மின்னஞ்சலைப் படித்தேன். மருத்துவப் படிப்பில் எனக்கு இடமில்லை என்று ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தார்கள். முந்தைய வாரம்தான் இன்னொரு பல்கலைக்கழகமும் அதையே சொல்லியிருந்தது. விண்ணப்பத்தில் வேறு படிப்புகளையும் சேர்த்து எழுதியிருக்கலாம். நான் எழுதவில்லை. ஜூனியர் காலேஜில் நல்ல மதிப்பெண், நேர்முகத் தேர்வுவரை அழைப்பு, பிறகெதற்கு இன்னொன்று என்று நினைத்திருந்தேன்.

என் முகத்தைப் பார்த்தே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "விடு லா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறினார். தஞ்சோங் பகாரில் இருக்கும் தன் அலுவலகத்தில், மகள் டாக்டராகப் போகிறாள் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தவர் அப்பா. சில நாட்கள் கழித்து, "ஆஸ்திரேலியாவுக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றார். நானும் தலையாட்டினேன். தோழிகள் யாருக்கு எங்கே இடம் கிடைத்தது என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டுக்கொண்டே இருந்ததால், அந்தக் குழுவிலிருந்து வெளியேறினேன்.

வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், லிட்டில் இந்தியாவில் ஒரு கிளினிக்கின் முன்மேசையில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தேன். பெயர் பதிவு செய்வது, மருந்து எடுத்துக் கொடுப்பது, டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்வது, இவைதான் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் கட்டுமான ஊழியர்கள். வெளிநாட்டு விண்ணப்பத்தில் எழுதுவதற்கு இந்த அனுபவம் உதவும் என்பதும் என் மனதில் இருந்தது.

அங்கேதான், நான் அண்ணன் என்று அழைத்த ஒருவரைப் பார்த்தேன். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். கட்டுமானத் தளத்தில் இரும்புத் தகடு ஒன்று வலது கையில் விழுந்து, மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்திருந்தார்கள். காயத்துக்குக் கட்டு மாற்ற எங்கள் கிளினிக்குக்கு வந்து போனார். ஒருநாள் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காயம் அருமையாக ஆறிவிட்டது, இனி இங்கே வர வேண்டியதில்லை என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. "ஆறிடுச்சுங்க. ஆனா வெரல் மடங்கல. சட்டைக்குப் பட்டன் போட முடியல" என்றார்.

அதற்குத்தான் மருத்துவமனையில் கைக்கான பயிற்சிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்களே என்று டாக்டர் கேட்டார். அண்ணன் ஒருமுறை போயிருக்கிறார். அவர்கள் சொன்னது பாதி புரியவில்லை. அதோடு விட்டுவிட்டார். வெளியே வந்ததும் என் மேசையருகே தயங்கி நின்றார். "தங்கச்சி, தப்பா நெனச்சுக்காதீங்க. கூட வந்து அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுச் சொல்லுவீங்களா?"

அடுத்த வாரம் என் விடுமுறை நாளில் போனேன். உண்மையைச் சொன்னால், பெரிய மருத்துவமனையை உள்ளே போய்ப் பார்க்கும் ஆசைதான் அதிகம்.

அந்த அறையில் நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை. நீள மேசைகள், பிளாஸ்டிக் கிண்ணங்கள், களிமண் போன்ற ஏதோ ஒன்று, துணி மாட்டும் கிளிப்புகள். எங்களை அழைத்தவர் சீனப் பெண், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அடிபட்டவர்கள் அன்றாட வேலைகளைத் தாங்களே மறுபடி செய்யப் பழக்குவது அவர்கள் தொழில் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவர் எக்ஸ்ரேயைப் பற்றிப் பேசவில்லை. கையால் எதைச் செய்ய முடியாததுதான் அதிகக் கஷ்டமாக இருக்கிறது என்று அண்ணனிடம் கேட்கச் சொன்னார்.

இரும்பு கட்டுவது, கம்பி வளைப்பது என்று ஏதாவது வரும் என நினைத்தேன். அண்ணன் சொன்னது வேறு.

"சோறுங்க. எடது கையில ஸ்பூன் புடிச்சுச் சாப்புடுறேன். ரூம்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்புடறப்ப நான் மட்டும் திரும்பி உக்காந்துக்குவேன். ஊர்ல புள்ள வீடியோ கால்ல கூப்டா, சாப்பாட்டு நேரத்துல எடுக்குறதே இல்ல."

நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்தப் பெண் எழுந்து போய், எங்கிருந்தோ ஒரு தட்டில் சோறு வாங்கிவந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "யூ ஷோ மீ லா" என்றார். கையால் சாப்பிடும்போது எந்த விரல் என்ன செய்கிறது என்று அவர் பார்க்க வேண்டுமாம்.

நான் வீட்டிலேயே பெரும்பாலும் கரண்டியால் சாப்பிடுகிறவள். கை கழுவிவிட்டு வந்து, ஒரு பிடி எடுத்துப் பிசைந்து, உருட்டி, கட்டை விரலால் வாய்க்குள் தள்ளிக் காட்டினேன். பாதி மேசையில் சிந்தியது. அண்ணன் சிரித்துவிட்டார். "தங்கச்சி, நாலு வெரலையும் சேத்துக் குவிக்கணும். இல்லாட்டி ஒழுவிடும்" என்று சொல்லிக்கொண்டே தன்னையறியாமல் வலது கையைத் தூக்கிக் காட்டினார். விரல்கள் குவியவில்லை. ஆனால், எந்த விரல் எந்த இடத்தில் நிற்கிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன் கையை மெதுவாகப் பிடித்து, களிமண்ணை வைத்து, அந்த அசைவையே துண்டு துண்டாகப் பிரித்துப் பயிற்சி கொடுத்தார். நான் கிளினிக், டாக்டர், ஆஸ்திரேலியா எல்லாவற்றையும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் கூடவே போனேன். விண்ணப்பத்தில் எழுதலாம் என்ற எண்ணம் எப்போது போனது என்று தெரியவில்லை.

அப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் பேப்பர் படித்து முடிக்கும்வரை காத்திருந்து, ஆஸ்திரேலியாவுக்கு எழுதப் போவதில்லை என்றேன்.

"டாக்டர் ஆகணும்னு கேட்டது யாரு? நானா?"

"நான்தான்ப்பா."

"இப்ப பயந்துட்டியா?"

அது நியாயமான கேள்வி. நானும் அதை எனக்குள்ளேயே பலமுறை கேட்டிருந்தேன். அந்த அறையில் பார்த்ததையெல்லாம் சொல்லி, அந்தத் தெரபிஸ்ட் வேலைக்குத்தான் படிக்க ஆசை என்றேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இதைப் படிச்சா டாக்டர்னு கூப்பிடுவாங்களா?"

"மாட்டாங்கப்பா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆபீஸில் என்ன சொல்வது என்று யோசிக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. கடைசியில், "சரி. ஆனா இந்தத் தடவையும் ஒண்ணே ஒண்ணு மட்டும் எழுதிட்டு வந்து நிக்காத. ரெண்டு மூணு எழுது" என்றார்.

எழுதினேன். முதலில் ஆக்குபேஷனல் தெரபி, அதன் கீழே நிஜமாகவே எனக்குப் படிக்கப் பிடித்த வேறு இரண்டு. நேர்முகத் தேர்வில் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார்கள். முந்தைய வருடம் மனிதகுலத்துக்குச் சேவை என்று மனப்பாடமாக ஒப்பித்தவள், இந்த முறை தட்டில் சோறு வந்ததைச் சொன்னேன். இடம் கிடைத்தது.

அண்ணனுக்கு இரண்டு விரல்கள் கடைசிவரை முழுதாக மடங்கவில்லை. ஊருக்குத் திரும்புவதற்கு முன் கிளினிக்குக்குச் சொல்லிக்கொள்ள வந்தார். எனக்கு வருத்தமாக இருந்தது. அவரோ, "பரவால்ல தங்கச்சி, சோறு வாய்க்குப் போயிடுது" என்று கையைக் குவித்துக் காட்டிவிட்டுப் போனார்.

இடம் கிடைக்காமல் போனது நல்லதுக்குத்தான் என்று சொந்தக்காரர்கள் இப்போது சொல்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை; அது வலித்தது, வெள்ளை அங்கியோடு நடக்கும் மருத்துவ மாணவர்களைப் பார்த்தால் சில நாட்கள் இப்போதும் வலிக்கும். ஆனால் அந்த மின்னஞ்சல் வந்த நாளில் எனக்கு என்ன வேலை பிடிக்கும் என்பது எனக்கே தெரியாது. அதை முன்பின் தெரியாத ஒருவர் ஒரு வாய்ச் சோற்றுக்குப் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று நினைக்கும்போது, நன்றியோடு கொஞ்சம் கூச்சமும் சேர்ந்துதான் வருகிறது.