முதல் தண்ணீர்

உப்பை இறக்கிவிட்டுத் திரும்பும் காலிப் படகில் வெறுங்காலோடு நின்றால் பாதம் நறநறவென்று இருக்கும். எவ்வளவு பெருக்கினாலும் பலகை இடுக்குகளில் உப்பு மிச்சம் இருக்கும். என் சின்ன மகள் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்து முகத்தைச் சுளிப்பாள். சுளித்த முகம் நேராவதற்குள் மறுபடி தொடுவாள். வேண்டாமடி, வயிறு வலிக்கும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். கயிறு பிடித்துக் கரையோடு படகை இழுத்துப் போகிறவர்கள் கூட என் புலம்பலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

எங்களுக்குக் கோடை என்றால் எண்ணூர்தான். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவருடைய சிநேகிதர் ஒருவர் முன்பு அவரோடு அங்கேயே சுமை தூக்கிக்கொண்டிருந்தார். ஜெர்மன்காரனின் எம்டன் கப்பல் குண்டு போட்டபோது இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு ராயபுரம் வரைக்கும் ஓடி வந்தவர்கள். அதற்கப்புறம் துறைமுகப் பிழைப்பே வேண்டாம் என்று அந்தச் சிநேகிதர் எண்ணூர் உப்பளத்துக்குப் போய் அங்கே மேஸ்திரி ஆகிவிட்டார். நான் அவரை மேஸ்திரி அண்ணன் என்பேன், அவர் மனைவியை அண்ணி என்பேன். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள், அவர்கள் அம்மன் கும்பிடுகிறவர்கள். அதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை.

உப்பு விளைகிறது வெயில் காலத்தில்தான் என்பதால் அண்ணன் அந்த மாதங்களில் அளத்தை விட்டு நகர முடியாது. நாங்கள்தான் போக வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை, வைகாசி பிறந்ததும் ஒரு சனிக்கிழமை, பட்டணத்துக் கொட்டாரத்துக் கிடங்கில் உப்பைக் கொட்டிவிட்டுத் திரும்பும் படகில் எங்களை ஏற்றிக்கொள்ளச் சொல்லி அண்ணன் ஆள் அனுப்புவார். புளிச்சோறும் வறுத்த கருவாடும் கட்டிக்கொண்டு கொருக்குப்பேட்டைக் கால்வாய்க் கரைக்கு விடியற்காலையில் போய் நிற்போம். படகு மெதுவாகத்தான் போகும். உச்சி வெயில் ஏறும்போது எண்ணூர் வந்துவிடும். ஒரு ராத்திரி தங்கி மறுநாள் திரும்புவோம்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். பெரிய விஷயங்கள் தெரியாது, பயப்படத் தெரியும். பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருப்பேன். இருப்பது இரண்டே பெண்கள், அதையும் எண்ணுவேன். கால்வாயில் விழுந்துவிடுமோ, அளத்து வரப்பில் பாம்பு இருக்குமோ, வெயில் மண்டையில் இறங்கிவிடுமோ. "இன்னாம்மே, முட்டிக்கால் தண்ணி கூட இல்ல, இதுக்குப் போயி ஜெபமா" என்பார் வீட்டுக்காரர். படகு கரை தட்டியதும் அண்ணன் வரப்பிலிருந்தே கேட்பார்: "வா தங்கச்சி, வர்ற வழியில எத்தினி பாம்பு பாத்த?" அவர் சிரிக்கும்போது உப்பில் வெடித்த உதடு பிளந்துகொள்ளும், கையால் மூடிக்கொள்வார்.

அங்கே போனால் என் வீட்டுக்காரர் வேறு ஆளாகிவிடுவார். துறைமுகத்திலிருந்து வந்தால் ஒரு வார்த்தை பேசாதவர் அண்ணனோடு வாய் ஓயாமல் பேசுவார். இருவரும் நுங்கு வெட்டுவார்கள், முகத்துவாரத்துக்குப் போய் வலை வீசுவார்கள், ஒன்றும் கிடைக்காமல் வந்து ஒருவரை ஒருவர் பழி சொல்வார்கள். "உன் தோஸ்து கால வச்சாலே மீனு தெலுங்குச் சீமப் பக்கம் ஓடிடுது" என்பார் அண்ணன் என்னிடம். அவர்களுக்கு ஒரே பெண். என் சின்னவளை இடுப்பை விட்டு இறக்க மாட்டாள். சின்னவளும் வருஷம் முழுக்க அந்த அக்காவைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்பாள்.

சின்னவளுக்கு மூன்று வயது நடந்த வருஷம் அண்ணனிடமிருந்து ஆள் வரவில்லை, வழக்கமான சனிக்கிழமைதானே என்று நாங்களே கிளம்பினோம். படகு ஏறும்போதே வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். "இந்த ஒரு தபாவாவது மூஞ்ச சிரிச்சா மாதிரி வச்சிக்க. வருஷம் பூரா கிரேன் சத்தம் கேட்டுக் காது செத்துப்போச்சு. அங்க வந்து உன் பொலம்பலயும் கேக்க முடியாது." நான் சரி என்றேன். அந்தச் சரியை நிறைவேற்ற வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது.

அன்றைக்கு அண்ணன் கரையில் இல்லை, தூரத்து அளத்தில் ஏதோ மடை உடைந்துவிட்டது என்றார்கள். வாசலில் அண்ணி மட்டும் நின்றாள். நிலைக்கு மேலே புதிதாக அடித்த இரண்டு ஆணிகள். ஒரு ஆணியில் அறுந்த நூல், அதில் ஒரே ஒரு வேப்பிலை. வாடாத இலை. நான் அதைப் பார்த்தேன். வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் வெளியார் போகக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேதக்காரர் வீட்டில் அம்மை வந்தாலும் கட்டத்தான் கட்டுவோம். "பொண்ணு எங்க அண்ணி?" என்றேன். "திருவொத்தியூர்ல மாமன் வூட்டுக்குப் போயிருக்கா" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. "சாக்கு அடுக்கி வச்சிருக்கு, அங்க போவாதீங்க" என்றாள். நான் சின்னவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்தேன்.

சாப்பிட்ட பிறகு, என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, பிள்ளைகளை எண்ணாமல் தலையைச் சாய்த்தேன். சிரித்தா மாதிரி இருக்கிறவர்கள் அப்படித்தானே செய்வார்கள். கண் விழித்தபோது பெரியவள் பக்கத்தில் படுத்திருந்தாள். சின்னவளைக் காணோம். உள்ளறைக் கதவு ஒரு முழம் திறந்திருந்தது.

உள்ளே பாயில் வேப்பிலை பரப்பி அண்ணியின் மகள் படுத்திருந்தாள். முகமெல்லாம் பொருக்கு. என் சின்னவள் அவள் கையைத் தலையணையாக வைத்துப் படுத்துக்கொண்டு ஒரு வேப்பங்கொத்தால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். "போன்னுதான் சொன்னேன் அத்தை, அது கேக்கல" என்றாள் அந்தப் பெண். குரலே இல்லை.

அண்ணி என் காலைப் பிடிக்க வந்தாள். "இன்னைக்குக் காலைலதான் மொதல் தண்ணி ஊத்துனோம் தங்கச்சி. ஆத்தா எறங்கிட்டான்னு நெனச்சிட்டேன். படகு வர்றத பாத்துட்டேன். இந்த வெயில்ல உங்கள எங்க திருப்பி அனுப்புறது? வருஷத்துக்கு ஒரு தபா வர்றவங்கள வாசல்லயே நிக்க வச்சிப் போன்னு சொல்ல வாய் வரல. அவரும் கரையில இல்ல. வேப்பிலய நானா கழட்டிட்டேன்."

அம்மை கண்டவர்களுக்கு அது இறங்கியதும் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்ற வேண்டும், நாள் விட்டு நாள். மூன்றாவது ஊற்றிய பிறகுதான் வாசல் வேப்பிலையைக் கழற்றுவார்கள். அதுவரை வெளியார் வரக்கூடாது. அண்ணிக்கு இது தெரியாததல்ல. ஒன்று ஊற்றியாயிற்று, மீதி இரண்டுக்கும் அம்மனைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டால் ஆயிற்று என்று நினைத்துவிட்டாள். விருந்தாளிக்காக அம்மனிடம் இரண்டு தண்ணீர் கடன் சொன்னவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

என் வீட்டுக்காரர் ஓடி வந்து பார்த்தார். முகம் வெளுத்துப்போய், பிறகு தேறினார். "அட, நம்ம பொண்ணுங்க ரெண்டுத்துக்கும்தான் கைல அம்ம குத்தியாச்சே. ஊருக்கே வந்தாலும் நமக்கு வராது. சும்மா இரு, அவங்களையும் பயமுறுத்தாத" என்றார்.

நான் சும்மா இருந்தேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பெரியவளுக்கு அம்மை குத்தியபோது கை புண்ணாகி வீங்கி ஜுரம் வந்து ஒரு வாரம் என் மடியிலேயே கிடந்தாள். பிழைக்க மாட்டாள் என்றே நினைத்தேன். சின்னவளுக்கு ஒரு வயது தாண்டியதும் குத்துகிறவர் தெருவுக்கு வந்தார். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். நான் சின்னவளை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த பெரியவளைப் போர்வையால் தலையோடு மூடினேன். "குழந்தைக்கு எங்க அம்மா வூட்லயே குத்தியாச்சுங்க" என்றேன். தழும்பைக் காட்டச் சொன்னார். போர்வைக்குள்ளிருந்து பெரியவளின் இடது கையை மட்டும் இழுத்து, சின்னவள் கை என்று காட்டினேன். இருட்டு அறை. அவர் குனிந்து பார்த்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போனார். வீட்டுக்காரர் வந்ததும் இரண்டாவதுக்கும் குத்திவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். ஜுரத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்றிவிட்டதாக அன்றைக்கு எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம்.

எண்ணூரிலிருந்து திரும்பும் படகில் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன சொல்வாரோ என்ற பயம், சொல்லாவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயத்தைவிடப் பக்கத்தில் நின்றது. சின்னவளின் நெற்றியை மணிக்கொரு தரம் தொட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு நாள் குளிர்ந்துதான் இருந்தது. பதின்மூன்றாம் நாள் சுட்டது. எங்கள் வாசலில் வேப்பிலை கட்டினோம். அவளுக்கு முதல் தண்ணீர் ஊற்றும் நாள் வரவில்லை.

கடைசியில் வந்து பார்த்த கம்பவுண்டர் அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு கையிலும் முத்து முத்தாக இருந்ததில் தழும்பு உண்டா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. "குத்தாத பிள்ளையா இருந்தா, ஒட்டின மூணு நாலு நாளுக்குள்ள குத்தியிருந்தா கூடத் தப்பிச்சிருக்கும். குத்தியும் இப்படி வர்றது ரொம்ப அபூர்வம்" என்றார். வீட்டுக்காரர் அந்த அபூர்வத்தை நம்பினார். எனக்குப் படகும், கொருக்குப்பேட்டைக் கரையும், கூப்பிடு தூரத்தில் இருந்த அம்மை குத்துகிற கொட்டகையும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

அடக்கம் முடிந்த மறுநாள் மேஸ்திரி அண்ணன் எண்ணூரிலிருந்து நடந்தே வந்தார். வாசலில் நின்றார். வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. "உன் வூட்டு வாசல்ல வேப்பில இருந்திருந்தா என் வூட்ல சாவு வந்திருக்காது. போ" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். அழுகிறேன் என்று நினைத்திருப்பார்.

அதற்கப்புறம் எங்களுக்குக் கோடையே இல்லை. வைகாசி பிறந்தால் வீட்டுக்காரர் லீவு எடுக்காமல் வேலைக்குப் போவார். பேச்சு சுத்தமாக நின்றுபோனது. நான் அண்ணியைத் திட்டினேன், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் திட்டினேன். திட்டத் திட்ட உண்மையிலேயே அவள்தான் செய்தாள் என்று சில நாள் நம்பவும் முடிந்தது.

போன மாசியில், கத்திவாக்கத்திலிருந்து மீன் கொண்டு வருகிறவள் சொல்லித்தான் அண்ணன் இறந்து நாலு மாதம் ஆகிறது என்று எனக்குத் தெரிந்தது. வீட்டுக்காரரிடம் சொல்லாமல் ரயிலேறிப் போனேன். அண்ணி தலை முழுக்க நரைத்து, உப்பு மூட்டை தைத்துக்கொண்டிருந்தாள். மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டாளாம், முகத்துத் தழும்பைப் பார்த்தும் நல்ல பையன் ஒருவன் வந்தானாம். என்னைக் கண்டதும் ஊசியைக் கீழே வைத்தாள். நான் உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். போர்வை, கை, நோட்டு, மூன்று நாள்.

அவள் மடியிலிருந்த சாக்கை நகர்த்தி வைத்தாள். பிறகு சொன்னாள்: "வருஷா வருஷம் படகு வர்ற அந்த சனிக்கிழமை அவரே வாசல்ல வேப்பில கட்டிடுவாரு. வூட்ல நோவு ஒண்ணும் இருக்காது. யாரும் உள்ள வரக் கூடாதுன்னு கட்டிட்டு வரப்புல போயி ஒக்காந்துக்குவாரு. எங்கிட்ட ஒரு வார்த்த கோவமா பேசினதில்ல. அதான் எனக்குத் தாங்கல." ஊசியை மறுபடி எடுத்தாள். நூல் முனையை நாக்கில் நனைத்துக் கோத்தாள். "இத்த அவரு இருக்கறப்ப வந்து சொல்லியிருக்கக் கூடாதா தங்கச்சி?"

போ என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. ரயில் நேரம் வரைக்கும் நின்றுவிட்டு வந்தேன்.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்காரருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து சொன்னேன். பெரியவளும் இருந்தாள். பாதியில் அவள் தன் இடது கையைப் பார்த்தாள், பிறகு ரவிக்கைக் கையை முழங்கை வரை இழுத்து விட்டுக்கொண்டாள். அவர் சாப்பாட்டை நிறுத்தவில்லை. தட்டை வழித்து, கை கழுவி, துண்டில் துடைத்த பிறகுதான் கேட்டார்.

"அவன் எப்ப போனான்?"

"ஐப்பசியில."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போனார். அடிப்பார், வீட்டை விட்டுப் போகச் சொல்வார் என்றெல்லாம் பதினைந்து வருஷமாகப் பயந்தது ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் தேவலை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல் பூசை முடிந்து வந்தவர் சட்டையைக் கழற்றவில்லை. பெட்டியைத் திறந்து நல்ல வேட்டி ஒன்றை எடுத்துக் கட்டினார். "எங்க போற நைனா?" என்றாள் பெரியவள். "என் தோஸ்து வூட்டுக்கு" என்றார். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டேன். நான் எழுந்து போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்து கதவண்டை நின்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டித் தெருவில் இறங்கி ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

இப்போது மாதத்துக்கு ஒரு ஞாயிறு அவர் எண்ணூர் போய் வருகிறார். நானும் ஒவ்வொரு தடவையும் புடவை மாற்றிக்கொண்டு நிற்கிறேன். வருகிறாயா என்று அவர் இதுவரை கேட்கவில்லை.