ரெக்கைக்குப் பேர் வைத்தவன்

கும்மிடிப்பூண்டியில் ஒரு காயலான் கடையில் பழைய விமான ரெக்கை ஒன்று மாதக்கணக்கில் கிடந்தது. அதைப் படமெடுத்து, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எங்கள் விமானப் பைத்தியங்களின் இணையக் குழுவில் ‘இது எந்த விமானம்?’ என்று போட்டேன். பெரிய சண்டைக்குப் பிறகு பெயர் கிடைத்தது: டக்கோட்டா.

கடைக்காரரிடம் ஓடினேன். “அண்ணே, இது உலகப் போர்ல பறந்தது. மியூசியத்துக்கு எழுதப் போறோம், வெட்டிடாதீங்க.”

“அப்டியா? குந்து நைனா,” என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் போனால் ரெக்கை இல்லை. அலுமினியக் கட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. தொட்டேன், இன்னும் சூடு.

“ஏண்ணே?”

“பேரு தெரியாத வரிக்கும் அது சரக்கு. நீ பேரு வச்சிட்ட. இனிமே ஆபீசர் வருவான், கேஸு வரும். யாருக்கு அந்தப் பேஜாரு?”

குழுவில் இன்றும் படம் போட்டுப் பெயர் கேட்கிறார்கள். தெரிந்தாலும் நான் சொல்வதில்லை.