கோட்டை மூடியிருக்கிறது என்று சொன்னேன்

சுனாமி வந்து மூன்று வருடம் ஆகியிருக்கும். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் பூசும் சின்னக் கம்பெனி ஒன்றில் நாங்கள் ஏழு பெண்கள் வேலை பார்த்தோம். தரங்கம்பாடி போகலாம் என்று முதலில் சொன்னது, என் பக்கத்தில் உட்கார்ந்து பொம்மைகளுக்குக் கண் எழுதும் அக்காதான். இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பியவர். கடலையே பார்த்ததில்லை. பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். கடலோரம் கோட்டை, பக்கத்திலேயே பூங்கா.

"வெள்ளக்காரன் கட்டுன கோட்டையாம். ஒரு ஞாயித்துக்கெழம எல்லாரும் போயிட்டு வரலாமா?"

திட்டம் போடும் வேலை என்னிடம் வந்தது. சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம், அங்கிருந்து சீர்காழி, அப்புறம் தரங்கம்பாடி. ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டிலும் அக்காவுக்காக எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று யோசித்தேன். சாயந்திரப் பஸ்ஸை விட்டுவிட்டால் வீட்டில் எனக்குத் திட்டு விழும்.

சனிக்கிழமை சாயந்திரம் அக்கா கிளம்பிப் போன பிறகு மற்றவர்களிடம், "அக்காவுக்கு ஒடம்பு முடியலையாம்" என்றேன். அக்காவிடம் அவர் கிளம்பும்போதே தனியாக, "கோட்டையில என்னமோ வேல நடக்குதாம், மூடி வச்சிருக்காங்களாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்க்கா" என்றேன்.

"சரி வுடு, கோட்ட எங்க ஓடிடப் போவுது" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரும் போனோம். பூங்காவுக்குள் நுழைய ஒரு படிகூட இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தால் எதிரே கடல். நான் பயந்த சாயந்திரப் பஸ்ஸோ முக்கால் மணி நேரம் தாமதமாகத்தான் வந்தது.

திங்கட்கிழமை ஒருத்தி அக்காவிடம், "இப்ப தேவலையாக்கா? நேத்து நீங்களும் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். சாப்பிடும்போதுதான் மெதுவாகக் கேட்டார்.

"படி நெறைய இருந்துச்சா?"

"ஆமாங்கக்கா. எங்களாலயே ஏற முடியல."

முதல் பொய்யைவிட இதுதான் என்னை அரித்தது. இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்காமலே வேலை செய்தேன். புதன்கிழமை, பிரஷ் கழுவும் குழாயடியில் சொல்லிவிட்டேன்.

"படியே இல்லக்கா. உங்களக் கூட்டிட்டுப் போனா நேரமாவும்னு நான்தான் பொய் சொன்னேன்."

பிரஷ்ஷில் சாயம் போகும்வரை அவர் கழுவிக்கொண்டே இருந்தார்.

"நேரா சொல்லியிருந்தா நானே வரலன்னு சொல்லியிருப்பனே" என்றார். பிறகு, "எந்தெந்த பஸ்ஸுன்னு எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். "நானும் கூட வரேங்கக்கா."

"வேணாம். எங்கம்மாவோட போயிக்கிறேன்."

அடுத்த மாதம் போய்விட்டு வந்தார். அலை கால்வரை வந்ததை, அம்மா பயந்து பின்னால் ஓடியதை எல்லோரிடமும் சொன்னார். என்னிடமும் சொன்னார், மற்றவர்களிடம் சொன்ன அளவுக்கு. அதற்கப்புறம் இரண்டு வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் வேலை பார்த்தோம். எங்கேயாவது போகலாமா என்று அவர் என்னை ஒருநாளும் கேட்கவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.