கன்னிவாடிக் கிணற்றில் ஊறாத ஜெல்

திண்டுக்கல் பக்கம் போக எந்த மாதம் நல்லது என்று இந்த வலைப்பூவைப் படிப்பவர்கள் கேட்கிறார்கள். சித்திரையில் மட்டும் போகாதீர்கள். நான் போனது சித்திரையில்தான், அறுபதுகளின் நடுவில், கையில் ஒரு பிஸ்கட் டின்னோடு.

டின்னில் இருந்தது பிஸ்கட் இல்லை, காய்ந்த ஜெல் துண்டுகள். அப்போது சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேதியியல் வேலை. பஞ்சாலைக் கழிவிலிருந்து செல்லுலோஸ் எடுத்து, ரசாயனம் சேர்த்து, அல்வா பதத்தில் கூழாக்குவோம். அதைக் கண்ணாடிக் குழாயில் அடைத்துக் காமா கதிர் முன்னால் வைத்தால் கூழின் இழைகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்ளும். பிறகு அதுதான் ஜெல்; கரையாது, தண்ணீரைக் குடித்து ஊதும். கூழ் நீர்த்திருந்தால் இழைகள் அறுந்து எல்லாம் கஞ்சியாகிவிடும். அல்வா பதத்தைப் பிடிப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கண்ணாடிக் குழாய் ஊதித் தந்த சவரிமுத்துவின் தங்கை செல்வமேரி கன்னிவாடியில் மல்லிகை போட்டிருந்தாள். இரண்டு கோடையாகப் பதியன்கள் வேர் பிடிக்காமல் காய்ந்துவிட்டன. இந்தத் தடவையும் போனால் மல்லிகையைக் கைவிட்டுச் சோளத்துக்கே திரும்பிவிடுவதாகச் சொல்லியனுப்பியிருந்தாள். வேரடியில் ஜெல்லை வைத்தால் ஈரம் நிற்கும் என்று நான்தான் ஆசை காட்டினேன்.

எழும்பூரில் சாயங்காலம் ரயில் ஏறி, விடியும்போது சட்டையெல்லாம் கரியோடு திண்டுக்கல்லில் இறங்கினேன். பேருந்து நிலையத்துக்கு ஜட்கா. அங்கிருந்து கன்னிவாடி பத்து மைல்தான், ஆனால் பேருந்து கையைக் காட்டிய இடமெல்லாம் நின்று ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. டின்னில் என்ன என்று கேட்ட கண்டக்டரிடம் தண்ணீர் குடிக்கும் பஞ்சு என்றேன். நமக்கே குடிக்க இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குச் சீட்டுக் கிழிக்கப் போய்விட்டார்.

செல்வமேரி வாசலுக்கே வந்து அழைத்துப்போனாள். அண்ணன் சொன்ன அந்தக் கதிர் ஜெல்லுக்குள் தங்கியிருக்குமா, பூவுக்கு ஏறுமா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டாள். வெயில் பட்ட துணி இருட்டில் ஒளி விடுகிறதா, இல்லையே, அதுபோலத்தான் என்றேன். சரியென்று கிணற்றடித் தொட்டியில் ஜெல் துண்டுகளைக் கொட்டினாள். ஒரு மணி நேரத்தில் நெல்லிக்காய் அளவு ஊதிவிடும் என்று நான் பெருமையாகச் சொல்லி வைத்தேன்.

மத்தியானச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால் துண்டுகள் மிளகளவில் அப்படியே கிடந்தன.

"நீங்க சொன்ன மாதிரித்தான சார் போட்டேன்" என்றாள் செல்வமேரி. "ஊறவே மாட்டேங்குதே."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. தொட்டித் தண்ணீரை அள்ளி வாயில் வைத்தேன். உப்பு. அந்த ஜெல்லுக்கு உப்பு ஆகாது, சுருங்கிக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் ஊறவைத்ததெல்லாம் காய்ச்சி வடித்த நீரில். தோட்டத்துக்கு உப்புத் தண்ணீர், குடிக்க மட்டும் நல்ல தண்ணீர் என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்பதால் அவளும் கேட்கவில்லை. எந்தத் தண்ணீர் என்று எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். நல்ல தண்ணீர் வீட்டில் ஒரே குடம்தான் இருந்தது, ஒரு மைல் நடந்து காலையில் எடுத்து வந்தது.

"குடிக்கிற தண்ணியவா மண்ணுக்கு ஊத்தச் சொல்றீக?"

செத்த நேரம் பதியன்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்க் குடத்தைத் தூக்கி வந்து, ஒரு வாளியில் ஜெல்லைப் போட்டு முழுவதையும் ஊற்றினாள்.

சாயங்காலத்துக்குள் வாளி கண்ணாடி நெல்லிக்காயாக நிறைந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஒவ்வொரு பதியன் அடியிலும் புதைத்தோம். ஆனால் அடுத்த பாசனத்தில் உப்பு ஏறினால் மறுபடி சுருங்கிவிடும் என்பது எனக்குத் தெரியும். அதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப எங்க தண்ணியக் கொண்டு போங்க" என்றாள். "அதக் குடிக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு கொண்டு வாங்க. அது வரைக்கும் பாதிப் பதியனையாவது நான் காப்பாத்தி வைக்கிறேன்."

டின்னோடு போனவன் இரண்டு பெரிய பாட்டில் உப்புத் தண்ணீரோடு ரயில் ஏறினேன். சக பயணிகள் தீர்த்தம் என்று நினைத்து உள்ளங்கையை நீட்டினார்கள். அந்தத் தண்ணீரை ஆய்வுக்கூட மேசையில் வைத்துக்கொண்டு வேறு வகைச் செல்லுலோஸைக் கலந்து பார்த்தோம். புதிய ஜெல் பட்டாணி அளவுக்குத்தான் ஊதியது, ஆனால் உப்பைக் கண்டு சுருங்கவில்லை. அதைச் சவரிமுத்துவிடம் கொடுத்துத் தங்கைக்கு அனுப்பினோம்.

பயணம் திட்டமிடுகிறவர்களுக்கு: தை, மாசியில் போங்கள், கன்னிவாடிக்குக் காலைப் பேருந்தைப் பிடியுங்கள், வெயிலுக்குத் துண்டு வேண்டும். எதையாவது செய்துகாட்டப் போகிறீர்கள் என்றால் முதலில் அந்த ஊர்த் தண்ணீரை வரவழைத்து அதில் செய்து பாருங்கள்.

மறு சித்திரையில் நானும் போனேன். செல்வமேரி காப்பாற்றி வைத்த பாதியில் மல்லிகை மொட்டு விட்டிருந்தது. மீதிப் பாதியில், கிணற்றுத் தண்ணீரிலேயே ஊறிய புது ஜெல்லை அடியில் வைத்த புதுப் பதியன்கள் வேர் பிடித்துத் துளிர்த்திருந்தன. அவள் எனக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணீர் கொடுத்தாள். போன தடவை கொடுக்க இல்லாமல் போன தண்ணீர். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.