எங்கள் ஊரில் அப்படி யாரும் கிடையாது

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மயிலாப்பூரில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். தேனாம்பேட்டையில் ஒரு கட்டடக் கம்பெனியில் வரைபடம் போடும் வேலை. எழுபதுகளின் நடுவில் கோடு நேராகப் போடத் தெரிந்தவனையெல்லாம் குவைத்துக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். தி. நகரில் ஒரு லாட்ஜில் நேர்முகம் வைத்து என்னையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. மூன்று மாதத்துக்குள் பாஸ்போர்ட்டோடு வந்து நிற்க வேண்டும். தவறினால் பட்டியலில் எனக்கு அடுத்தவன் போவான்.

தங்கைகளின் கல்யாணத்துக்காகத்தான் போக நினைத்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. எனக்கு விமானத்தில் ஏற வேண்டும். தாம்பரம் போகும் மின்சார ரயிலில் மீனம்பாக்கம் வரும்போதெல்லாம் கழுத்து சுளுக்கும்வரை மேலே பார்த்தவன் நான். அந்த அடுத்தவன் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அவன்மீது அப்போதே எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

அப்பாவிடம் சொல்லவில்லை. திருநெல்வேலிச் சீமையில் பஸ் நின்று போகும், ரயில் நிற்காமல் போகும் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அப்பாவுக்கு அங்கே மளிகைக் கடை. கடையில் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். பிறகு நான் போகாமல் போனால், ஒவ்வொரு தீபாவளிக்கும் "எப்பம்டே ப்ளேன் ஏறுத?" என்று கேட்டே கொன்றுவிடுவார்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த புத்திசாலித்தனங்களில் அதற்குத்தான் முதலிடம்.

விண்ணப்பம் வாங்கப் போன இடத்தில் குமாஸ்தா ஒருவர் இனிஷியலெல்லாம் செல்லாது, விரித்து எழுது என்றார். அப்பாவின் பெயரை முழுதாக எழுதி அதற்குப் பின்னால் என் பெயரை எழுதினேன். நிரந்தர முகவரி என்ற இடத்தில் ஊர் விலாசம். அப்புறம், 'இவரை எனக்கு நன்றாகத் தெரியும்' என்று ஒரு பெரிய அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். பெரிய அதிகாரிக்கு நான் எங்கே போவேன்? வீட்டுக்காரர்தான் கை கொடுத்தார். ரிட்டயரானவர், தினமும் கடற்கரையில் நடப்பவர். கூட நடக்கிற ஒரு அதிகாரியிடம் காகிதத்தை நீட்டி அங்கேயே வாங்கி வந்துவிட்டார். அந்த அதிகாரியை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

மூன்றாவது வாரம் மயிலாப்பூர் வீட்டுக்கு விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தார்.

"இன்னா சார், இந்தப் பேர்ல ஆள் கீறாரா?"

வீட்டுக்காரர் அவரை நாற்காலியில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார். "நாலு வருஷமா நம்மாத்து மாடியிலதான் இருக்கான். பரம சாது. காலம்பற குளிச்சுண்டு, நெத்திக்கு இட்டுண்டு ஆபீஸ் போனா, சாயங்காலம் நேரா ஆத்துக்கு வந்துடுவான்."

நான் நெற்றிக்கு இட்டுக்கொண்டது கிடையாது. சாயங்காலம் நேராக வந்ததும் கிடையாது. போலீஸ்காரர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "ஆளு நல்ல மாதிரிதான் கீது" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு நான் பாதி விமானம் ஏறிவிட்டேன்.

பிறகு ஐந்து வாரம் சத்தமே இல்லை. பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போய் ஜன்னலில் நின்றேன். குமாஸ்தா கோப்பைத் தேடி எடுத்துப் பிரித்தார். அவர் முகம் மாறியது.

"உங்க ஊர் ரிப்போர்ட் வந்திருக்கு. அந்த விலாசத்தில் அப்படி யாரும் கிடையாதாம். ஊரில் விசாரித்த வரையில் அந்தப் பேரையே யாரும் கேள்விப்பட்டதில்லையாம்."

தெருப் பெயரைச் சரிபார்த்தேன். வீட்டு எண்ணைச் சரிபார்த்தேன். இரண்டும் சரி. அன்றைக்கே பதறியடித்து அப்பாவுக்கு ஒரு கார்டு போட்டேன். 'போலீஸ் யாராவது என்னைப் பற்றி விசாரிக்க வந்தார்களா? உடனே எழுதவும்.' அவ்வளவுதான் எழுதினேன். பாஸ்போர்ட் என்ற வார்த்தையை அப்போதாவது எழுதித் தொலைத்திருக்கலாம்.

அப்பாவின் இன்லண்ட் கடிதம் நாலாம் நாள் வந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

'சிரஞ்சீவிக்கு ஆசீர்வாதம். இங்கு அனைவரும் சுகம். சென்ற மாதம் உன்னைத் தேடி ஒரு போலீஸ்காரர் வந்தது உண்மை. நீ என்ன செய்தாய் என்று நான் கேட்கவில்லை. நீயும் எழுத வேண்டாம், கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள். அப்படி ஒருவன் இந்த ஊரில் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எனக்கு இரண்டு பெண்கள் மட்டும்தான் என்றும் சொல்லியிருக்கிறேன். உன் அம்மா சுவரில் இருந்த உன் போட்டோவைக் கழற்றி உளுந்து டின்னுக்குள் வைத்துவிட்டாள். தலைமை ஆசிரியரும் டீக்கடைக்காரரும் நம் பக்கம்தான். கொஞ்ச காலம் ஊர்ப்பக்கம் தலை காட்டாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.'

பிரித்துப் பார்ப்பார்கள் என்று எச்சரித்துவிட்டு அதே கடிதத்தில் அத்தனையையும் எழுதியவர் என் அப்பா.

எங்கள் ஊரின் வழக்கம் அப்படி. காக்கிச் சட்டை எதைக் கேட்டாலும், யாரைக் கேட்டாலும், தெரியாது என்பதுதான் பதில். ஜில்லா விட்டு ஜில்லா அரிசி கொண்டுபோகக் கூடாது என்றிருந்த காலத்தில் ஊர் கற்றுக்கொண்ட பாடம் அது. கோயில் கொடை விழாவை எந்தத் தேதியில் வைப்பது என்பதில் எந்த வருஷமும் ஒத்துப்போகாத ஊர், எனக்காக ஒரே குரலில் பேசியிருக்கிறது. எனக்குப் பெருமைப்படுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. முகமே தெரியாத அதிகாரி ஒருவர் என்னை நன்றாகத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். பெற்ற அப்பா தெரியாது என்று சொல்லியிருக்கிறார்.

'பாஸ்போர்ட்டுக்கான விசாரணை. உடனே வரவும்' என்று தந்தி அடித்தேன். எழும்பூரில் வந்து இறங்கிய அப்பா, என்னைப் பார்த்ததும் முதலில் என் கை கால்களைத்தான் பார்த்தார். எங்கும் அடிபட்ட அடையாளம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஆரம்பித்தார்.

"ஏலே, குவைத்துக்குப் போறேன்னு ஒரு கார்டு போட்டிருந்தா உன் கை தேஞ்சா போயிருக்கும்? ஊரையே பொய் சொல்ல வச்சுட்டியேலே!"

மயிலாப்பூர் வரும்வரை பஸ்ஸில் அவர் நிறுத்தவே இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் இறங்கும் இடம் வந்தும் இறங்காமல் கேட்டார்கள்.

மறுநாள் பாஸ்போர்ட் அதிகாரியின் அறையில் போய் நின்றோம். 'மேற்படி நபர் என் மகன்தான் என்று உறுதி கூறுகிறேன்' என்று அப்பா எழுதிக் கையெழுத்திட்ட மனுவை அதிகாரி இரண்டு தடவை படித்தார்.

"போலீஸ் கேட்டப்போ பையனே கிடையாதுன்னு சொல்லியிருக்கீங்களே?"

"அன்னைக்கு எதுக்குக் கேக்காங்கன்னு அவங்க சொல்லலீங்க."

"எதுக்குன்னு சொன்னாத்தான் பையன் உண்டா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் கடையில் எத்தனையோ அதிகாரிகளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, சீனி ஸ்டாக் இல்லை என்று சாதித்த மனிதர். அவர் அப்படிக் குனிந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அதிகாரியும் அதற்கு மேல் கேட்கவில்லை. மறுவிசாரணைக்கு எழுதுவதாகச் சொன்னார். அப்பா அன்றைக்கே ரயில் ஏறினார். "ஊர்ல எல்லாருக்கும் சொல்லி வச்சிருதேன். இனி நீ கவலைப்படாத" என்றார்.

அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

மூன்று மாதம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது அதிகாரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் மூன்று ரிப்போர்ட்டுகளைப் பரப்பி வைத்திருந்தார்.

"உங்க ஊர்ல இப்ப உங்களை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. பிறந்ததிலேருந்து அந்த ஊரை விட்டு எங்கேயும் போனதில்லையாம். போலீஸ்காரர் போன அன்னிக்குக் காலையில்கூட டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிச்சீங்களாம். ஹெட்மாஸ்டர் தினமும் உங்களைப் பார்க்கிறாராம். உங்கப்பாவே, 'இங்கதான் இருக்கான், வெளியே போயிருக்கான், இப்ப வந்துருவான்'னு சொல்லியிருக்கார். மயிலாப்பூர் ரிப்போர்ட்படி நாலு வருஷமா நீங்க மயிலாப்பூர்ல. முதல்ல ஆளே இல்லேன்னாங்க. இப்ப ரெண்டு ஆள் இருக்கு. இதுல யார் குவைத்துக்குப் போறது?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பா அழுகையா என்று கேட்டால் எனக்கே தெரியாது. கம்பெனியின் வருகைப் பதிவேட்டிலிருந்து நகல் எடுத்து வந்து தருகிறேன் என்று கெஞ்சினேன். அவர் தோள் குலுங்கச் சிரித்தார். "நகலைக் கொண்டாங்க. உங்க பேர்ல கேஸ் எதுவும் இல்லேன்னு மூணு ரிப்போர்ட்டும் சொல்றது. அந்த ஒரு விஷயத்திலயாவது ஒத்துப்போறாங்களே" என்றார்.

பாஸ்போர்ட் பதிவுத் தபாலில் நிரந்தர முகவரிக்குத்தான் போனது. தபால்காரரும் காக்கிச் சட்டைதான். ஆனால் உள்ளூர்க்காரர் என்பதால் ஊர் அவரிடம் மட்டும் உண்மை பேசும். அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு அன்றைய ரயிலிலேயே புறப்பட்டு வந்தார். கெடுவுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

மாடி அறையில் என் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து, இடுப்பு வேட்டியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, உடனே திருப்பி வாங்கிக்கொண்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தார். அவர் பெயர் முன்னாலும் என் பெயர் பின்னாலுமாக இங்கிலீஷில் இருந்தது. கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் மாதிரி விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"மறுவிசாரணைக்கு வந்தவர்கிட்ட, மகன் மெட்ராஸ்ல இருக்கான்னு சொல்ல வேண்டியதுதானே? ஏன் இங்கதான் இருக்கான்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றவில்லை. "மொதத் தடவை அந்தப் போலீஸ்காரர் போன பெறவு உங்கம்மா ரெண்டு நாள் சாப்பிடலடே. உசிரோட இருக்க பிள்ளைய எப்படி அப்படிச் சொன்னீங்கன்னு கேட்டா. மறுபடி அதே ஆளு வந்து, மகன் இங்க இருக்கானான்னு கேட்டதும், இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. வேற ஒண்ணுமில்ல."

கீழே போய் வீட்டுக்காரரிடம் சொல்லி இரண்டு காபி வாங்கிக்கொண்டு வந்தேன்.

குவைத்துக்கு நானே போனேன்; அடுத்தவன் போகவில்லை. விமானத்தில் ஜன்னல் ஓரம் கிடைக்கவில்லை என்பது தனிக் கதை. அங்கே இறங்கிய முதல் நாள், ஒரு அரபி அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்து அப்பாவின் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார். முன்னால் இருக்கும் பெயர்தான் ஆளின் பெயர் என்பது அவர்கள் கணக்கு. சட்டென்று எழுந்து போய் நின்றேன். கம்பெனியிலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். கேன்டீன்காரர், டிரைவர், மேஸ்திரி எல்லோருக்கும் நான் அந்தப் பெயர்தான். பக்கத்து மேஜை மலையாளி விஷயம் தெரிந்து, "ஒரு மனுக் கொடுத்தால் மாற்றிவிடுவார்களே, அது உன் பெயர் இல்லை என்று ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டான்.

ஒன்பது வருஷம் அங்கே இருந்தேன். ஒரு நாள்கூட நான் அதைச் சொல்லவில்லை.