ஏழாம் சென்சார்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. போன ஆடியில், ஒரு சனிக்கிழமை, பகல் வெளிச்சத்தில். நேரமும் எண்களும் இன்னும் என் கணினியில் இருக்கின்றன.

என் வேலையைச் சொன்னால்தான் என் பயம் புரியும். தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டரின் சர்வர்களை, குற்றாலத்தில் என் வீட்டிலிருந்தே நான் கவனிக்கிறேன். உண்மையில் கவனிப்பது ஒரு மென்பொருள். நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சர்வரையும் நலம் விசாரிக்கும். சேமிக்க இடம் இருக்கிறதா, வேலைப்பளு மிஞ்சுகிறதா, சர்வர் அறையில் சூடு எத்தனை... ஏதாவது எல்லை மீறினால் என் போன் அலறும். நான் 'பார்த்துவிட்டேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். ஐந்து நிமிடத்தில் அழுத்தாவிட்டால், அது சென்டர் மேலாளர் ஜெயசித்ரா அக்காவின் போனுக்குத் தாவும். அழகான ஏற்பாடு. யாராவது ஒரு மனிதர் பார்க்கும்வரை அது ஓயாது.

சூடு பார்க்க அறைக்குள் ஆறு சென்சார்கள். ஏழாவது சென்சார் சென்டரின் மொட்டைமாடியில், ஏசியின் வெளிப்பெட்டி அருகே இருந்தது. பழுதானதால் போன மாதமே கழற்றிவிட்டேன். பேட்டரி இல்லாமல் வீட்டில் என் மேசை டிராயரில் கிடந்தது.

மதியம் 3:50. ஏசி மெக்கானிக் மணிமுத்து அண்ணாச்சியின் போன்.

"தம்பி, ஏசிய நிறுத்துதேன். ஒம்ம மெஷினு கத்தும். வாயக் கட்டி வையும்."

வழக்கம்தான். சர்வீஸ் நேரத்தில் அறை சூடாகும். இரண்டு மணி நேரத்துக்கு எல்லா எச்சரிக்கையையும் நிறுத்திவிட்டு, கூட வேலை பார்க்கும் யூசுப்போடு ஐந்தருவிக்குப் போனேன். நல்ல சாரல். குளிக்க நீண்ட வரிசை. போன் பிளாஸ்டிக் உறையில் கழுத்தில் தொங்கியது.

4:32. போன் அலறியது.

அலறக் கூடாது. வாயைக் கட்டியாயிற்றே.

'சென்சார் 7. மொட்டைமாடி. 36.8.'

அண்ணாச்சி எதையாவது மாற்றி மாட்டியிருப்பார் என்று நினைத்தேன். 'பார்த்துவிட்டேன்' அழுத்தினேன்.

4:47. மறுபடி. அதே 36.8.

யூசுப் சிரித்தான். "ஏலே, குளிக்க வந்தியா, மெஷினுக்குக் காய்ச்சல் பாக்க வந்தியா?"

அழுத்தினேன்.

5:02. மறுபடி. அழுத்தினேன்.

அதன்பின் அலறவில்லை. அந்த அமைதிதான் என்னவோ செய்தது. வரிசையை விட்டு விலகி, போனில் வரைபடத்தைத் திறந்தேன். அறைக்குள் ஆறு கோடுகளும் ஏறிக்கொண்டிருந்தன. 31... 33... ஏசி இன்னும் ஓடவில்லை.

ஏழாவது கோடு மட்டும் இறங்கியது.

36.5... 36.3...

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. எடுக்கவில்லை.

5:24. ஜெயசித்ரா அக்காவை அழைத்தேன்.

"அக்கா, அண்ணாச்சி எங்க?"

"நாலரைக்கு முன்ன மாடிக்குப் போனாரு. இன்னும் எறங்கலயே."

"போய்ப் பாருங்க. வைக்காதீங்க."

படியில் செருப்புச் சத்தம்... கதவு... மழை...

பிறகு அலறல்.

அண்ணாச்சி வெளிப்பெட்டியின் அடியில் கிடந்தார். ஈரத்தில் மின்சாரம் தாக்கியிருக்கிறது. உடனே உயிர் போகவில்லை என்றார் டாக்டர். அரைமணி நேரமாவது மூச்சு இருந்திருக்கும். போனது ஐந்து மணி வாக்கில்.

அன்று இரவே வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழாவது கோடு தொடங்கியது 4:32. முப்பது நிமிடம் அசையாமல் 36.8, உயிருள்ள மனித உடம்பின் சூடு. இறங்கத் தொடங்கியது 5:03.

டிராயரைத் திறந்தேன். சென்சார் அங்கேயேதான் இருந்தது. பேட்டரி இல்லை. சுற்றிலும் காகிதங்கள் உலர்ந்து கிடந்தன. அது மட்டும் நனைந்திருந்தது.

பதிவேட்டில் மூன்று வரிகள். 4:32, 4:47, 5:02. மூன்றிலும் என் பெயர், 'பார்த்துவிட்டேன்'.

ஒரே ஒருமுறை நான் அழுத்தாமல் இருந்திருந்தால், அடுத்த அழைப்பு ஜெயசித்ரா அக்காவுக்குப் போயிருக்கும். அவர் அந்த மாடிப்படியின் கீழேதான் உட்கார்ந்திருந்தார்.